தொற்றும் பழியும்: கரிசல் வட்டாரப் பெண்களின் இடுப்புக்குழித் தொற்றுத் தடுப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பெண்களின் கருப்பை, கருக்குழாய், சூலகம் ஆகியவற்றைப் பாதிக்கும் இடுப்புக்குழித் தொற்று தடுக்கக்கூடிய நோய். தடுப்புக்கென எடுக்கப்பட்ட முயற்சிகள் ஒவ்வொரு காலத்திலும் ஒரு பெண்ணையே நோயின் காரணியாகச் சுட்டின. 19ஆம் நூற்றாண்டில் விலைமகளும், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவச்சியும், அண்மைக் காலத்தில் மாதவிடாய்த் துணியைப் பயன்படுத்தும் பெண்ணும் அவ்வாறு சுட்டப்பட்டனர். பாஞ்சாலங்குறிச்சி, கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, இப்பழி இடம்பெயர்ந்த வரலாற்றையும் அதனால் தடுப்பில் விடுபட்டவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: கரிசல், இடுப்புக்குழித் தொற்று, மருத்துவச்சி, வெள்ளைப்படுதல், பால்வினை நோய், பொதுச் சுகாதார வரலாறு.

முன்னுரை

பாஞ்சாலங்குறிச்சி பற்றிய வரலாற்றெழுத்து பெரும்பாலும் போரின் வரலாறாகவே அமைந்துள்ளது. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் ஊமைத்துரை மீண்டும் கோட்டையெழுப்பிப் போரிட்டதும் அவ்வெழுத்தின் மையங்கள். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரமும் பேட் தொகுத்து 1917இல் வெளிவந்த மாவட்ட விவரச்சுவடியும் பாளையங்கள், போர்கள், நிலவரி, சாதிகள் ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. இவற்றில் பெண்கள் அரிதாகவே தோன்றுகின்றனர்.

அத்தகைய அரிய இடங்களுள் ஒன்று, 1801 முற்றுகையில் பங்கேற்ற ஆங்கிலேயப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் உள்ளது. 1801 மே மாதம் கோட்டை வீழ்ந்தபோது காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைச் சில பெண்கள் காப்பாற்றினர். எட்டயபுரத்துப் படையினர் நெருங்கியபோது, அம்மை கண்டு இறந்தவரின் உடல் எனத் துணியால் மூடி அழுதனர். அம்மைக்கு அஞ்சிய வீரர்கள் விலகிச் சென்றனர். நோய் எவ்வாறு பரவும், எந்த நோய்க்கு மக்கள் அஞ்சுவர் என்ற அறிவு அப்பெண்களுக்கு இருந்ததை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஆயின் அப்பெண்கள் தாம் எந்நோயால் வருந்தினர், பேறுகாலத்தில் எவ்வாறு இறந்தனர் என்பவை வெல்ஷுக்கோ பின்வந்தோருக்கோ எழுதத்தக்க செய்திகளாகப் படவில்லை.

இவ்விடைவெளியை வட்டார ஆவணங்களைக் கொண்டு மட்டும் நிரப்ப இயலாது. ஆகவே சென்னை மாகாணச் சட்டங்கள், மருத்துவ நூல்கள், தமிழகத்திலும் பிற இடங்களிலும் நிகழ்ந்த கள ஆய்வுகள் ஆகியவற்றைக் கரிசலின் நிலவியல், உழைப்புச் சூழல்களோடு பொருத்திக் காணும் முறை இங்குப் பின்பற்றப்படுகிறது.

நோயும் அதன் பெயர்களும்

யோனியிலோ கருப்பை வாயிலோ தங்கிய நுண்ணுயிர்கள் மேலேறிக் கருப்பை, கருக்குழாய்கள், சூலகங்கள் ஆகியவற்றை அடையும்போது இடுப்புக்குழி அழற்சி உண்டாகிறது. இதற்கு மூன்று வாயில்கள் முதன்மையானவை. முதலாவது, வெட்டை நோய் எனப்படும் கொனோரியா, கிளமிடியா முதலிய பால்வினைத் தொற்றுகள். இரண்டாவது, தூய்மையற்ற முறையில் நிகழும் பிரசவமும் கருச்சிதைவும். மூன்றாவது, கருப்பைக்குள் கருவிகளைச் செலுத்தும் மருத்துவச் செயல்கள். இவையன்றிக் காசநோய்க் கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாய்களை அடைந்து உண்டாக்கும் பாதிப்பும் இந்தியாவில் கருத்தில் கொள்ள வேண்டியதாகும். தொற்று ஆறிய பின்பும் குழாய்களில் தழும்பு எஞ்சுகிறது. தீராத அடிவயிற்று வலி, கருப்பைக்கு வெளியே கருத்தரித்தல், குழந்தையின்மை ஆகியவை அதன் விளைவுகள். குழந்தையின்மையைப் பெண்ணின் குறையாகவே கருதி ‘மலடி’ எனப் பழிக்கும் சமூகத்தில், கணவனிடமிருந்து பெற்ற தொற்றின் விளைவுக்கும் மனைவியே பழி சுமக்கிறாள்.

தமிழில் இந்நோய்க் குழு பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. சித்த மருத்துவம் மேகம், வெள்ளை, வெட்டை, பெரும்பாடு எனப் பகுத்தது. பேச்சுவழக்கில் பெண்கள் ‘வெள்ளைபடுகிறது’, ‘உடம்புச் சூடு’, ‘இடுப்புக் கடுப்பு’ என்று குறிப்பிடுகின்றனர். ‘சூடு’ என்னும் விளக்கம் உளுந்தங்களி, வெந்தயம், இளநீர், நீராகாரம் என உணவுவழித் தீர்வை நோக்கிச் செல்கிறது. இவ்விளக்கத்துக்கு ஒரு நன்மை உண்டு. அது நோயுற்றவளின் ஒழுக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்துவதில்லை. ஆகவே வெட்கமின்றிப் பேச இடந்தருகிறது. தொற்றையும் இயல்பான கசிவையும் ஒன்றாக்கிவிடுவதும், நோய் மற்றொருவரிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்பதை மறைத்துவிடுவதும் அதன் குறைகள்.

ஆணுக்கு வரும் பால்வினை நோய்க்கோ பேச்சுத் தமிழ் வேறொரு பெயர் வைத்துள்ளது: ‘பொம்பளைச் சீக்கு’. கிரந்திப் புண்ணைப் ‘பரங்கிப்புண்’ என்று அழைத்து அந்நியன் மேல் பழியேற்றிய மொழி, வெட்டை நோயைப் பெண் மேல் ஏற்றியது. ஆணின் உடலில் தோன்றினால் பெண்ணிடமிருந்து வந்த சீக்கு. பெண்ணின் உடலில் தோன்றினால் அவளது சூடு. இரு பெயர்களிலும் ஆண் நோய் தருபவனாக இடம்பெறவில்லை. இச்சொல்லமைப்பு காலனியச் சட்டத்திலும் எதிரொலிப்பதை அடுத்துக் காணலாம்.

சட்டத்தின் பார்வை: விலைமகள்

பெண்களின் இடுப்புக்குழி நோயில் காலனிய அரசு காட்டிய முதல் அக்கறை பெண்களின் பொருட்டு எழுந்ததன்று. படைவீரர்களைப் பால்வினை நோயிலிருந்து காப்பதற்காக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் பூட்டு மருத்துவமனைகள் நிறுவப்பட்டன. நோயுற்றதாகக் கருதப்பட்ட பெண்கள் அங்கே அடைத்துவைக்கப்பட்டனர். 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் விலைமகளிரைப் பதிவுசெய்து கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தியது. அவர்களிடம் சென்ற ஆண்களுக்கு அத்தகைய பதிவோ சோதனையோ இல்லை. இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் முதலியோர் நடத்திய எதிர்ப்பியக்கத்தின் விளைவாக அந்நாட்டுச் சட்டம் 1886இலும், இந்தியச் சட்டம் 1888இலும் நீக்கப்பட்டன.

மருத்துவ அறிவு இதற்குள் வேறு திசையில் நகர்ந்திருந்தது. இந்தியச் சட்டம் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1872இல், நியூயார்க்கில் பணியாற்றிய எமில் நெகராத் என்னும் மகப்பேற்று மருத்துவர் ஒரு கருத்தை வெளியிட்டார். வெட்டை நோய் குணமாகிவிட்டதாகத் தோன்றும் ஆணிடமிருந்தும் மனைவிக்குத் தொற்று பரவக்கூடும். இல்லறப் பெண்களின் நாட்பட்ட அடிவயிற்று நோய்க்கும் குழந்தையின்மைக்கும் அதுவே காரணமாகலாம் என்பது அக்கருத்து. உடன்தொழில் மருத்துவர்கள் அதனைக் கடுமையாக மறுத்தனர். 1879இல் ஆல்பர்ட் நைசர் வெட்டை நோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரே அக்கருத்துக்கு மதிப்புக் கூடியது. கணவன் நோய்வாயிலாக இருக்கலாம் என்பது அறிவியலாக நிலைபெற்ற பின்பும், அரசின் தடுப்பு முயற்சிகளில் அதற்குரிய இடம் உடனே கிடைத்துவிடவில்லை.

பேற்றறையின் பார்வை: மருத்துவச்சி

கரிசல் சிற்றூர்களில் பேறு பார்த்தவர்கள் மரபுவழி மருத்துவச்சிகள். தமிழகத்தின் பல பகுதிகளில் நாவிதர் குலப் பெண்களே இப்பணியைச் செய்தனர். பிரசவத்துக்குப் பின் உண்டாகும் காய்ச்சலும் பிதற்றலும் ‘பிரசவச் சன்னி’ எனப்பட்டன. வலிப்பும் இப்பெயரிலேயே வழங்கியதால், தொற்றால் நேர்ந்த மரணங்களைத் தனியே பிரித்தறிவது ஆய்வாளர்க்கு அரிதாகிறது.

நவீன மருத்துவமும் இத்தொற்றைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் குளோரின் கலந்த நீரில் கைகழுவும் வழக்கத்தைப் புகுத்திப் பேறுகால மரணங்களைப் பெரிதும் குறைத்தார். அங்குத் தொற்றைக் கொண்டு சென்றவை பிணச்சோதனை முடித்து வந்த மருத்துவர்களின், மாணவர்களின் கைகள். மருத்துவச்சிகள் பேறு பார்த்த பிரிவில் மரணங்கள் குறைவாகவே இருந்தன. இவ்வுண்மை பின்னர் மருத்துவச்சிகள் மீது சுமத்தப்பட்ட பழியை மதிப்பிடுகையில் நினைவுகொள்ளத்தக்கது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிரீன், மோன்செல்லின் மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். செம்மல்வைஸ் தம் நூலை வெளியிட்டது 1861இல். தமிழில் மேலை மகப்பேற்றியல் நூல் வடிவம் பெற்றபோது கிருமிக் கொள்கை இன்னும் நிலைபெற்றிருக்கவில்லை என்பது இதனால் புலனாகிறது.

சென்னையில் 1844இல் மகப்பேற்று மருத்துவமனை தொடங்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையில் மிஷன் மருத்துவப் பணி 1870இல் நாசரேத்தில் தொடங்கியது. ஆயின் நாசரேத் தாமிரபரணிக்குத் தெற்கே தேரிப் பகுதியில் அமைந்தது. கரிசல் ஊர்களிலிருந்து பேறுகால வேதனையோடு மாட்டுவண்டியில் செல்லத்தக்க தொலைவன்று. மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் கோவில்பட்டி வழியே சென்றது. 1901இல் அங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது. கரிசல் மண்ணின் பருத்திக்குக் கிடைத்த நிறுவனக் கவனம், அப்பருத்தியை எடுத்த பெண்களின் பேறுகாலத்துக்கு அதே விரைவில் கிட்டவில்லை.

1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் பயிற்சி பெற்றோரைப் பதிவுசெய்யும் முறையைக் கொண்டுவந்தது. பயிற்சியின் தேவை மறுக்க முடியாதது. ஆனால் 1927இல் வெளிவந்த காதரின் மேயோவின் நூல் உட்பட அக்காலப் பரப்புரைகள், பேற்று மரணங்களுக்கு நாட்டு மருத்துவச்சியின் அழுக்குக் கைகளையே முதற்காரணமாகக் காட்டின. கைகளைக் கழுவ நீர் வேண்டும் என்பது அவ்விவாதத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கரிசல் வானம் பார்த்த பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண்ணில் கிணறுகள் அரிது. கிடைக்கும் நீரும் பல இடங்களில் உவர்நீர். ஊருணியிலிருந்து சுமந்து வரும் குடத்து நீரில் சமையலும் குடிநீரும் போக எஞ்சியதே பேற்றறைக்கு. தீட்டுக் கருதிப் பிள்ளை பெற்றவளை ஒதுக்கிவைத்த இடம் பெரும்பாலும் வீட்டின் மிகத் தாழ்ந்த பகுதியாகவே இருந்தது. இச்சூழலை மாற்றாமல் மருத்துவச்சியை மட்டும் மாற்றுவது அரைகுறைத் தடுப்பாகவே அமையும்.

1946இல் அறிக்கையளித்த போர் குழு, இந்தியாவில் 1,000 உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 20 தாய்மார் இறப்பதாக மதிப்பிட்டது. சென்னையின் மகப்பேற்று வல்லுநர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர். 1930களின் நடுவில் சல்பா மருந்துகளும் 1940களில் பெனிசிலினும் பேறுகாலத் தொற்றின் போக்கை உலகெங்கும் மாற்றின. தமிழகத்தில் பேற்றறை படிப்படியாக மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தது. 2015–16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. இடுப்புக்குழித் தொற்றின் வாயில்களுள் ஒன்று பெருமளவு அடைக்கப்பட்டதைத் தமிழகப் பொதுச் சுகாதாரத்தின் உண்மையான வெற்றியாகக் கொள்ளலாம்.

திட்டத்தின் பார்வை: எண்ணிக்கைக்குள் அடங்காத வலி

1950களின் இறுதி முதல் சென்னை மாநிலம் குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னணியில் நின்றது. 1965இல் கருப்பைக்குள் பொருத்தும் ‘லூப்’ நாடெங்கும் அறிமுகமானது. பின்னர் பெண்களுக்கான கருத்தடை அறுவை முதன்மை பெற்றது. இலக்கு எண்ணிக்கையே திட்டத்தின் அளவுகோல். கருப்பைச் சாதனத்தால் வரும் தொற்றின் வாய்ப்பு பொருத்திய முதல் 20 நாள்களில் மிகுதி, அதன்பின் மிகக் குறைவு என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு 1992இல் வெளியான ஆய்வு காட்டியது. சாதனத்தைவிட, பொருத்துமுன் செய்யவேண்டிய சோதனையும் பொருத்தும்போது பேணவேண்டிய தூய்மையுமே தீர்மானிப்பவை என்பது இதன் பொருள். இலக்கை நோக்கி விரையும் முகாம்களில் இவ்விரண்டுமே முதலில் சுருங்கக்கூடியவை.

பெண்ணின் கருப்பையைக் கருத்தரிக்கும் இடமாக மட்டுமே கண்ட திட்டங்களுக்கு அது நோயுறும் இடமாகவும் இருப்பதை உணர்த்தியது மகாராட்டிரத்தின் கட்சிரோலி ஆய்வு. ராணி பங்கும் அவர்தம் குழுவினரும் இரு சிற்றூர்களில் 650 பெண்களைச் சோதித்து 1989இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 92 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் அல்லது பால்வினை நோய் இருந்தது. அதற்குமுன் மகளிர் நோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினரே. 1994 கெய்ரோ மாநாட்டுக்குப் பின் இந்தியா 1996இல் இலக்கு முறையைக் கைவிட்டு, 1997இல் இனப்பெருக்க, குழந்தைகள் நலத் திட்டத்தைத் தொடங்கியது. இனப்பெருக்கப் பாதைத் தொற்று என்னும் தொடர் அரசுத் திட்டங்களில் அதன்பின் பரவலாக இடம்பெற்றது.

தமிழகத்துக்குரிய சான்றாக வேலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் 16 முதல் 22 வயது வரையிலான மணமான பெண்களிடையே நிகழ்ந்து 2005இல் வெளியான ஆய்வு அமைகிறது. 53 விழுக்காட்டினர் அறிகுறிகளைக் கூறினர். 38 விழுக்காட்டினர்க்கு ஆய்வகச் சோதனையில் தொற்று உறுதியானது. அறிகுறி உடையோரில் மூன்றில் இருபங்கினர் எந்த மருத்துவமும் நாடவில்லை. அருகிலுள்ள நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லாமை, மறைவின்மை, தொலைவு, செலவு, ‘இது எல்லோர்க்கும் உள்ளதுதானே’ என்ற எண்ணம் ஆகியவற்றை அவர்கள் காரணங்களாகக் கூறினர். வேளாண் கூலிப் பெண்களுக்குப் பால்வினைத் தொற்று இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு மிகுதியாக இருந்தது என்பது இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. வேலூரின் எண்களைக் கரிசலுக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் பருத்தி எடுப்பு, களையெடுப்பு, தீப்பெட்டித் தொழில் எனக் கூலி உழைப்பே வாழ்வாகிய ஒரு வட்டாரத்தில், மருத்துவரைக் காணச் செல்லும் நாள் கூலியிழக்கும் நாள் என்பதை இவ்வெண்களோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

துணியின் பார்வை: தூய்மையின்மை என்னும் பழி

21ஆம் நூற்றாண்டில் தடுப்புப் பரப்புரையின் மையம் மாதவிடாய்த் துணிக்கு நகர்ந்தது. தமிழக அரசு 2011–12இல் புதுயுகம் திட்டத்தின் வழி வளரிளம் பெண்களுக்கு அணையாடைகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. கோவையின் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய மலிவு விலை இயந்திரம் உலகக் கவனம் பெற்றது. மாணவியர் தடையின்றிப் பள்ளி செல்லவும் கூசாமல் நடமாடவும் இவை ஆற்றிய பணி பெரிது. ‘வீட்டுக்குத் தூரம்’ என்ற விலக்கும், மதுரை மாவட்டத்தின் தென்பகுதிச் சிற்றூர்கள் சிலவற்றில் நிலவும் ‘முட்டுத்துறை’ என்னும் ஒதுக்கிடமும் இருக்கும் சூழலில் மாதவிடாயை அரசே வெளிப்படையாகப் பேசியது ஒரு சமூக மாற்றமாகும்.

ஆயினும் அணையாடை இடுப்புக்குழித் தொற்றைத் தடுக்கும் என்ற கூற்றுக்குச் சான்றுகள் வலுவாக இல்லை. இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான திறனாய்வு, மாதவிடாய்த் தூய்மைக்கும் இனப்பெருக்கப் பாதைத் தொற்றுக்கும் இடையிலான தொடர்பு தெளிவாக நிறுவப்படவில்லை என்றே முடிவு கூறியது. ஒடிசாவில் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வு, துணி பயன்படுத்துவோரிடம் கீழ்ப்பாதைத் தொற்றும் அதன் அறிகுறிகளும் மிகுதி எனக் கண்டது; மாற்றிக்கொள்ள மறைவான இடமும் நீரும் கிடைப்பதையும் அது சேர்த்தே பேசியது. நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய துணி தீங்கானதன்று. வெயில் மிகுந்த கரிசலில் துணி உலராமைக்குக் காரணம் வெயிலின்மை அன்று. ஆடவர் கண்படாமல் கூரையிடுக்கில் மறைத்து உலர்த்தும் கட்டாயமே.

நீரும் மறைவிடமும் தனிப்பட்ட பழக்கங்கள் அல்ல, பொது ஏற்பாடுகள். தாமிரபரணியின் சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி நீர் பெறும் கோவில்பட்டியும், 2001க்குப் பின் ஊராட்சிதோறும் கட்டப்பட்ட ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகங்களும் இதனை உணர்த்துகின்றன. நீரின்றி இவ்வளாகம் பூட்டிக் கிடக்கும் ஊரில், பெண்கள் மீண்டும் உடைமரக் காட்டின் மறைவை நாட வேண்டியதாகிறது.

காலத்தில் கண்டறியப்படாத தொற்று எங்குச் சென்று முடியும் என்பதற்கு மற்றொரு வறள்நிலமான மகாராட்டிரத்தின் பீட் மாவட்டம் எச்சரிக்கை. அங்குக் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் பலர், வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி போன்ற மருந்தால் தீரக்கூடிய தொல்லைகளுக்காக இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் வெளிப்பட்டு, மாநில அரசு குழு அமைத்து விசாரிக்க நேர்ந்தது. விடுப்பெடுத்தால் தண்டம், தங்குமிடத்தில் கழிப்பறையின்மை, மருத்துவம் எனில் அறுவை என்ற நிலை ஆகிய மூன்றும் அங்கு ஒன்றுசேர்ந்திருந்தன.

விடுபட்டவர்

1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றாளர்களைக் கண்டறிந்தபோது, சோதிக்கப்பட்டவர்கள் பாலியல் தொழிலாளிகள். பொதுமனத்தின் பழியும் அவர்கள் மீதே விழுந்தது. ஆனால் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றிய 134 பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வு, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒருவரோடு மட்டுமே உறவு கொண்டவர்கள் என்று காட்டியது. 1872இல் நெகராத் கூறியதைச் சென்னையின் மனைவியர் வேறொரு நோயின் வழியே மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

1994இல் தமிழகம் நாட்டிலேயே முதலாவதாக மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவியது. அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் பால்வினைத் தொற்றுகளுக்கு அறிகுறிவழி மருத்துவம் இலவசமாகக் கிடைக்கிறது. அடிவயிற்று வலிக்கு மஞ்சள் நிற உறையில் மருந்துத் தொகுப்பு உண்டு. உடன் கணவருக்கும் மருந்து தரவேண்டும் என்பது நெறிமுறை. முறை எளிது, எல்லையும் தெளிவு. கிளமிடியா போன்ற தொற்றுகள் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியின்றியே இருப்பதால், அறிகுறியை மட்டும் நம்பும் முறை அவர்களைத் தவறவிடுகிறது. கணவர் வராவிடில் மருத்துவம் பெற்ற மனைவிக்குத் தொற்று மீண்டும் வருகிறது. வெளியூர்க் கூலிக்கும் சுமையுந்து ஓட்டவும் செல்லும் ஆடவர் மிகுந்த வட்டாரத்தில், தடுப்பின் மிக வலுவற்ற கண்ணி இதுவே.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது.

ஒன்று, தடுப்பு வெற்றி பெற்ற இடங்களில் அது ஒரு பெண்ணின் ஒழுக்கத்தையோ பழக்கத்தையோ திருத்தியதால் மட்டும் வரவில்லை. தூய கைகள், நீர், மருந்து, பயிற்சி பெற்ற பணியாளர், எட்டும் தொலைவில் மருத்துவ நிலையம் ஆகியவை ஒருங்கே அமைந்ததால் வந்தது. பேறுகாலத் தொற்றின் வீழ்ச்சி இதற்குச் சான்று.

இரண்டு, விலைமகள், மருத்துவச்சி, துணி பயன்படுத்துபவள் எனப் பழி இடம்மாறியபோதெல்லாம் ஆணின் பங்கும் பொது ஏற்பாடுகளின் குறையும் பார்வைக்கு வெளியே நின்றன. ‘பொம்பளைச் சீக்கு’ என்ற சொல்லில் உறைந்துள்ள கண்ணோட்டம் சட்டத்திலும் திட்டத்திலும் தொடர்ந்துள்ளது. கணவரும் சோதனைக்கு வருதல் தடுப்பின் துணைக்கூறு அன்று, அதன் பாதி.

மூன்று, ‘சூடு’, ‘வெள்ளை’ முதலிய வழக்குச் சொற்கள் அறியாமையின் அடையாளங்கள் எனத் தள்ளத்தக்கவை அல்ல. பெண்கள் வெட்கமின்றி நோயைச் சொல்லும் ஒரே வாயிலாக அவை பல ஊர்களில் இருக்கின்றன. துர்நாற்றம், நிறமாற்றம், காய்ச்சல், உறவின்போது வலி, விடாத அடிவயிற்று வலி ஆகியவற்றோடு கூடிய வெள்ளையைச் சூடு என விடாமல் சோதிக்க வேண்டும் என்ற செய்தியை அச்சொற்களைக் கொண்டே சொல்ல இயலும்.

பாளையக்காரர் போர்களுக்கு இணையாக இவ்வட்டாரப் பெண்களின் நோய், பேறு, உழைப்பு ஆகியவையும் வரலாற்றுக்குரிய பொருள்கள். முதிய மருத்துவச்சிகள், கிராமச் செவிலியர், தீப்பெட்டித் தொழிலாளிகள் ஆகியோரின் வாய்மொழி வரலாறுகளைத் தொகுப்பது அடுத்துச் செய்யத்தக்க ஆய்வு. அவர்தம் தலைமுறை கடந்துவிட்டால், எழுத்தில் ஏறாத அச்சான்றுகளை மீட்க வழியில்லை.